சத்து மாத்திரையும் உளுந்தங்களியும்

முதலில் அரித்தது உள்ளங்கைதான். இரும்புக் குண்டு எறிகிறவளுக்கு உள்ளங்கை அரித்தால் அதை யார் நோயென்று நினைப்பார்கள்? குண்டின் துரு, மைதானத்து மண், வியர்வை என்று காரணத்துக்கா பஞ்சம். முகாமில் என்னோடு பயிற்சி எடுத்த பெண்கள், "சம்பா, உனக்குப் பணம் வரப்போகுது" என்று கேலி செய்தார்கள். என் பெயர் செண்பகம். தில்லியில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாமல் சம்பாவாகிவிட்டது.

கையிலிருந்து அரிப்பு காலுக்கு இறங்கியது. காலிலிருந்து முதுகுக்கு ஏறியது. வீட்டில் யாரும் பார்க்காத நேரம் பார்த்துக் கதவு நிலையில் மாடு மாதிரி முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். சோறு பிடிக்கவில்லை. ஒரே மூச்சில் அரை டஜன் முட்டை சாப்பிடுகிறவள், முட்டை வாசனைக்கே எழுந்து ஓடினேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. வெயிலில் ஓடியது உடம்புக்குச் சூடு என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆசிய விளையாட்டுக்காகத் தில்லி முழுவதையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். போகிற வழியெல்லாம் பாதி கட்டிய மேம்பாலம், சிமெண்டுத் தூசி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அவரும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது, வளர்ந்தது, குண்டு எறியக் கற்றது எல்லாம் தில்லியில். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களும் கோகோ ஆடியபோது, ஓட முடியாத என் கையில் ஒரு டீச்சர் குண்டைக் கொடுத்தார். அது போய் விழுந்த இடத்தைப் பார்த்து அவர் என்னை அப்புறம் விடவே இல்லை. அப்படியே ஏறி ஏறி, தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் பயிற்சி முகாம் வரைக்கும் வந்துவிட்டேன்.

அங்கே எங்களுக்கு ஒரு பயிற்சியாளர் இருந்தார். கோச் சாப் என்று கூப்பிடுவோம். பயிற்சி முடிந்ததும் எறிகிற பெண்கள் வரிசையில் நிற்போம். பொட்டலத்திலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் சின்னச் சின்ன மாத்திரைகளை எடுத்துக் கையில் வைப்பார். "தாக்கத் கி கோலி" என்பார். பலம் தருகிற மாத்திரை, வெளிநாட்டு வைட்டமின், பாலோடு சாப்பிட வேண்டும். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவார். அம்மா அதற்குச் 'சத்து மாத்திரை' என்று பெயர் வைத்தாள். டம்ளரில் பாலை ஆற்றி, மாத்திரையை எடுத்துத் தன் கையாலேயே என் வாயில் போடுவாள்.

சத்து இருக்கத்தான் செய்தது. சில மாதங்களில் என் குண்டு ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாகப் போய் விழுந்தது. தோள் அகன்று ரவிக்கைகளையெல்லாம் பிரித்துத் தைத்தோம். முகம் நிறையப் பரு வந்தது. குரல் கட்டியது. தில்லிக் குளிர் தொண்டையைப் பிடித்துவிட்டது என்று அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொடுத்தாள். குளிர் போய், கோடை வந்து, மழையும் வந்துவிட்டது. குரல் மட்டும் கீழேயே நின்றது. மாதவிலக்கும் நின்றுபோனது. முகாமில் மூத்த பெண்கள், "கடுமையா பயிற்சி செஞ்சா அப்படித்தான்" என்றார்கள். எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. அம்மாவுக்கு மட்டும் அது மனசுக்குள் கிடந்து அறுத்தது.

ஒருநாள் காலையில் அப்பா அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏட்டி, இங்க வா. வெளிச்சத்துல நில்லு. கண்ணைத் தொற."

திறந்தேன். அப்பா செருப்பைக் கழற்றினார். அவர் அலுவலகத்துக்கு மட்டம் போட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மஞ்சக்காமாலைல்லா! பின்னால கீழாநெல்லி மொளைச்சுக் கெடக்கு, இந்தா பறிச்சிட்டு வாரேன்" என்று ஓடினாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி, கழுத்தில் மாலை கட்டிக் காமாலையை இறக்குகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று விலாசம் சொன்னாள். அப்பா இரண்டையும் கேட்டுக்கொண்டார், இரண்டுக்கும் தலையாட்டினார். பிறகு என்னை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே வராந்தா முழுக்க ஜனம். பெஞ்சில் இடம் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். கூப்பிடுகிறவர் என் பெயரைச் 'சென்பாக்', 'சம்பக்லால்' என்று விதவிதமாகக் கத்தினார். மூன்றாவது முறைதான் அது நான் என்று புரிந்தது. ரத்தம் எடுத்தார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். "தொற்றுக் காமாலை. தில்லித் தண்ணி. அட்மிட்" என்று ஓர் இளம் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருஷம் பாதித் தில்லிக்கு அதுதான் நோய். அவர் நினைத்ததில் தப்பே இல்லை.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் பிம்லா தீதி, வார்டுக்கே அக்கா. ஹரியானாக்காரி, ஐம்பது வயது இருக்கும், பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தக்கொதிப்பைக் குறைக்க வேண்டும் என்று படுக்க வைத்திருந்தார்கள். என் தோளையும் கையையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அரே, இந்தப் பயில்வானை யாரு படுக்க வெச்சது?" என்றாள். அன்றிலிருந்து வார்டுக்கு நான் பயில்வான்.

என் பெயரை ஒழுங்காகச் சொன்ன ஒரே ஆள் சிஸ்டர் ஏலியம்மா. கோட்டயத்துப் பக்கம். "செண்பகம் மோளே" என்று அவர் கூப்பிடும்போது ஊசியே பாதி வலிக்காது. வார்டில் டிராலி ஒன்று சக்கரம் கெட்டுக் கிடந்தது. நோயாளியை எக்ஸ்ரேவுக்கு மாற்ற ஆள் போதாமல் சிஸ்டர் தவிப்பதைப் பார்த்து, நானே போய் ஒரு கிழவியைக் குழந்தை மாதிரி தூக்கிப்போய் எக்ஸ்ரே மேஜையில் வைத்துவிட்டேன். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ! நீயும் நோயாளியாக்கும், கேட்டோ!" கிழவிக்கு என்னமோ ரொம்பச் சந்தோஷம். திரும்பி வரும்போதும் பயில்வான்தான் தூக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

சாப்பாட்டில் எண்ணெய் கூடாது. தெருவில் பிழிகிற கரும்புச் சாறும் கூடாது என்றுவிட்டார்கள். அப்பா முழுக் கரும்பு வாங்கி, வீட்டில் கழுவித் தோல் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, சாயங்காலம் அலுவலகம் விட்டு வரும்போது தூக்குவாளியில் கொண்டுவருவார். எனக்கென்று கொண்டுவந்தது, ரெண்டு நாளில் வார்டுக்கே என்றாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் எல்லாக் கட்டிலிலும் கடக் கடக்கென்று கரும்பு மெல்லும் சத்தம். அப்பா வெட்கத்தோடு ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தூக்குவாளியை நீட்டுவார்.

ஆனாலும் காமாலை இறங்கவில்லை. வாரம் ஒன்று ஆனது, இரண்டு ஆனது. தொற்றுக் காமாலை இதற்குள் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். எனக்கோ மஞ்சள் கூடிக்கொண்டே போனது. அரிப்புத் தாங்காமல் தோல் உரிகிற அளவுக்குச் சொறிந்தேன். அம்மா என் கைகளைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மரச்சீப்பை எடுத்து முதுகில் மெல்ல வருடுவாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்கிற டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா வராந்தாவில் தனியாக நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரொம்ப நேரம் துடைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் கபூர் விடுமுறை முடிந்து வந்தார். வார்டுக்குப் பெரிய டாக்டர் அவர்தான். ஒல்லியான அம்மாள், கூர்மையான மூக்கு, நடந்தால் செருப்புச் சத்தமே எல்லாரையும் நிமிர வைக்கும். எனக்கு உடம்பு துடைத்துவிடக் கட்டிலைச் சுற்றித் துணித் தடுப்பு வைத்திருந்தார் சிஸ்டர். நான் உள்ளே இருந்தபடி பிம்லா தீதியோடு வழக்கடித்துக்கொண்டிருந்தேன். குஸ்தியா குண்டெறிதலா, எதற்குப் பலம் அதிகம் வேண்டும் என்று.

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது.

"இந்த நேரத்தில பெண்கள் வார்டில ஆம்பளை யாரு? இது பார்வையாளர் நேரமே இல்லையே. உடனே வெளிய அனுப்புங்க!"

எல்லாரும் என் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பிம்லா தீதி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல் குத்துகிறது என்று கத்திக்கொண்டே சிரித்தாள். சிஸ்டரும் வாயைப் பொத்திக்கொண்டு தடுப்பை விலக்கினார். துண்டைப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். "குட் மார்னிங் டாக்டர்" என்றேன், அந்தக் குரலிலேயே.

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்தார். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். அங்கே நாலைந்து முடி இருந்தது எனக்கே அன்றுவரை தெரியாது. பருக்களைப் பார்த்தார். தோளை அழுத்திப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "மாதவிலக்கு கடைசியா எப்ப வந்தது?" என்றார்.

"மாசக்கணக்காச்சு" என்றேன்.

"என்ன மருந்து சாப்பிடற?"

"மருந்தெல்லாம் இல்லை. வைட்டமின் மட்டும்."

"எங்க அது?"

அம்மா ரொம்பப் பெருமையாகப் பைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலும் அவள் தவறவிடவில்லை. ஒவ்வொரு நாளும் பாலோடு, சிஸ்டர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, சத்து மாத்திரை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் பலம் போய்விடக்கூடாதே என்று.

டாக்டர் கபூர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரொம்பப் பொறுமையாக எனக்குச் சொன்னார். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன். இங்கேயும் அதே மாதிரி சொல்லிவிடுகிறேன்.

அது வைட்டமின் இல்லை. ஆணின் உடம்பில் ஊறுகிற ஹார்மோனைப் போலத் தொழிற்சாலையில் செய்கிற மருந்து. ஸ்டீராய்டில் ஒரு வகை. சதையை வளர்க்கும். பெரிய சர்வதேசப் போட்டிகளில் அதற்குத் தடை, சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதனால்தான் போட்டிக்குச் சில வாரம் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். பெண் சாப்பிட்டால் மாதவிலக்கு நிற்கும், முடி முளைக்கும், குரல் தடிக்கும். வாயால் விழுங்குவதால் ஈரல் வழியாகத்தான் போக வேண்டும். பழைய ரத்த அணுக்கள் உடைந்து வருகிற மஞ்சள் கழிவை ஈரல் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. இந்த மாத்திரை ஈரலுக்குள்ளே இருக்கிற நுண்ணிய வாய்க்கால்களை அடைத்துவிடுகிறது. குடலுக்குப் போக வேண்டியது ரத்தத்துக்குத் திரும்புகிறது. கண் மஞ்சளாகிறது. பித்த உப்பு தோலுக்கடியில் தங்கி அரிக்கிறது.

அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு தன் வலது கையைத் தூக்கி, யாருடைய கையோ போல அதையே பார்த்தாள்.

"நாந்தானட்டி எடுத்து எடுத்துக் குடுத்தேன். பாலை ஆத்தி ஆத்திக் குடுத்தேனே."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் எழுந்து வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "மாஜி, இன்னிக்கே கண்டுபிடிச்சாச்சு. இனிமே நல்லதுதான் நடக்கும்" என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஈரலைப் பார்த்தாக வேண்டும் என்றார். சில பேருக்கு இந்த மாத்திரையால் ஈரலில் கட்டியும் வரும். விலா எலும்புக்கு நடுவே ஊசியை விட்டு ஈரலில் ஒரு நூல் அளவு துணுக்கு எடுத்துப் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. முகாமில் அத்தனை பேரிலும் பலசாலி நான். ஒரு ஊசியின் பெயருக்கே, சாயங்காலம் கரும்போடு வந்த அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

பயாப்ஸி அன்று பிம்லா தீதி தன் கட்டிலை விட்டு இறங்கி வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். "அனங்காதே மோளே, அனங்காதே" என்றார் சிஸ்டர், அசையாதே என்று. யாரோ விலாவில் ஒரு குத்து விட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். முடிந்துவிட்டது. கையை விடுவித்துக்கொண்ட பிம்லா தீதி விரல்களை உதறிக்கொண்டு, "இவளுக்கு வலிச்சதோ இல்லையோ, என் எலும்பு போச்சு" என்றாள்.

முடிவு வரும்வரை அப்பா கோயிலுக்குப் போகாத நாள் கிடையாது. வந்தது. கட்டி இல்லை. வாய்க்கால் அடைப்புத்தான். மாத்திரையை நிறுத்தினால் ஈரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் நாள் பிடிக்கும் என்றார் டாக்டர் கபூர். அப்பா அன்று கரும்போடு ஒரு முழம் மல்லிகைப்பூவும் வாங்கி வந்தார். காகிதத்தில் சுற்றி, என்னிடம் கொடுக்காமல், அம்மாவிடமும் கொடுக்காமல், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கோச் சாப் பார்க்க வந்தது அந்த வாரம்தான். கூடை நிறைய ஆப்பிள். நலம் விசாரித்தார். டாக்டர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றார். தேர்வுப் போட்டி நெருங்கிவிட்டது, உன் இடம் உனக்காகக் காத்திருக்கிறது, மஞ்சள் இறங்கியதும் சின்ன அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம், உலகம் முழுக்க எல்லாரும் சாப்பிடுகிறார்கள், நாம் மட்டும் சாப்பிடாமல் எறிந்தால் குண்டு நம் காலடியிலேயே விழும் என்றார். மாத்திரை பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்று கடைசியாக ஒன்று சொன்னார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஆசை வந்தது. நாட்டின் பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு, அந்தப் புது ஸ்டேடியத்தில், அத்தனை ஜனத்துக்கு நடுவே வட்டத்துக்குள் நிற்பதை எத்தனையோ தடவை மனசில் பார்த்துவிட்டேன். இன்னும் கொஞ்சம்தான்.

"என்ன சொல்லுதான்?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

அம்மாவுக்குத் தெரிந்த இந்தி முழுக்கக் காய்கறிக்காரனிடம் கற்றது. அதற்கு வெளியே ஒரு வார்த்தை தெரியாது. அவள் பைக்குள்ளிருந்து மிச்சமிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தாள். எழுந்து நின்றாள். கோச் சாப் என் அப்பாவை விட ஒரு முழம் உயரம். அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்து, அழுகின கத்திரிக்காயைத் திருப்பிக் கொடுக்கிற அதே குரலில் கத்தினாள்.

"கராப் மால்! வாபஸ் லே லோ!"

கெட்ட சரக்கு, திருப்பி எடுத்துக்கோ. பொட்டலத்தை ஆப்பிள் கூடைக்குள் போட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நஹீ சாஹியே! ஏக் பீ நஹீ சாஹியே!" வேண்டாம், ஒன்றுகூட வேண்டாம். விலையைக் குறைத்தாலும் வேண்டாம் என்கிற மாதிரி கையை வீசினாள்.

பிம்லா தீதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பெஹன்ஜி, இந்த ஆளா அது?" என்று கேட்டாள். எதிர்க் கட்டிலில் ஒருத்தி எழுந்தாள். நான் தூக்கி வைத்த கிழவிகூடக் கைத்தடியைத் தேடினாள். கோச் சாப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூடை அங்கேயே இருந்தது. அம்மா அதை வெளியே எறியச் சொன்னாள். "அரே, ஆப்பிள் என்ன பாவம் செஞ்சுது?" என்று பிம்லா தீதி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கடித்தாள். என் ஆசை அந்தக் 'கராப் மாலோடு' போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாரும் ஆப்பிள் தின்னும்போது நானும் தின்றேன். பல நாளுக்குப் பிறகு ஒரு பொருளுக்கு ருசி தெரிந்தது.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன், மாத்திரை இல்லாமல் நான் எவ்வளவு தூரம் எறிவேன் என்று.

"அது எனக்கெப்படித் தெரியும்? எறிஞ்சு பார்த்துட்டு வந்து நீதான் சொல்லணும்" என்றார்.

முகாமிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். வட்டு எறிகிறவள் ஒருத்தி, ஈட்டி எறிகிறவள் ஒருத்தி. எல்லாவற்றையும் சொன்னேன். என் கண்ணைத் திறந்து காட்டினேன். வட்டுக்காரி அன்றே நிறுத்திவிட்டாள். ஈட்டிக்காரி, "போட்டி முடியட்டும்" என்றாள். அவளோடு நான் சண்டை போடவில்லை. அவள் கண்ணில் இருந்த ஆசை எனக்கு நன்றாகத் தெரிந்த ஆசை.

மாத்திரை நின்றதும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. காமாலையில் பித்தநீர் குடலுக்கு வராததால் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். அது பழைய நிறத்துக்கு வந்தால் வாய்க்கால் திறந்துவிட்டது என்று அர்த்தம். இதை டாக்டர் சொன்னாலும் சொன்னார், தினம் காலையில் நான் கழிப்பறையிலிருந்து வருவதற்குள் வார்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "என்ன நிறம், பயில்வான்?" ஒருநாள் நான் இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு வந்தேன். பதக்கம் வாங்கியபோதுகூட எனக்கு அப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை. அம்மா ஓடிப்போய்ப் பெருக்குகிற அம்மாளிடம்கூட அந்த நிறத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அரிப்பு நின்றது. தூக்கம் வந்தது. பசி வந்தது, அதுவும் எப்படிப்பட்ட பசி!

வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்த சமயம், ஒரு மத்தியானம் அடிவயிற்றில் வலி எடுத்தது. பயந்துபோய்ச் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்.

"மோளே! வந்நு!" நின்றுபோன மாதவிலக்கு வந்துவிட்டது.

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிம்லா தீதி என்னவோ ஏதோ என்று கேட்க, விஷயம் தெரிந்ததும் தகரத் தட்டை எடுத்துத் தாளம் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். அவள் ஊர்ப்பக்கம் கல்யாண வீட்டில் பாடுகிற பாட்டாம். நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வெட்கம்தான். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று, ரொம்ப நாளாக எங்கோ போயிருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அம்மா தூக்குவாளியோடு வந்தாள். திறந்தால் உளுந்தங்களி. கறுப்பு உளுந்தை வறுத்துத் திரித்து, ஊரிலிருந்து வந்த கருப்பட்டியைக் காய்ச்சி ஊற்றிக் கிண்டியிருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பெரியவளானால் கொடுப்பது. எனக்குப் பதின்மூன்று வயதில் ஒருமுறை கொடுத்திருக்கிறாள்.

"அம்மா, எனக்கு இருபத்திரெண்டு வயசு."

"இருக்கட்டும். இன்னொரு மட்டம் ஆயிருக்கல்லா."

ஒரே ஒரு சிக்கல். உளுந்தங்களிக்கு நல்லெண்ணெய் வேண்டும். நடுவில் குழித்து எண்ணெய் ஊற்றாவிட்டால் அது களியே இல்லை என்பது அம்மாவின் கட்சி. எனக்கோ எண்ணெய் கூடாது. அம்மா எண்ணெய்ப் பாட்டிலையும் தூக்குவாளியையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு, டாக்டர் கபூரின் அறை வாசலில் போய் நின்றுவிட்டாள். டாக்டர் கட்டிலுக்கே வந்தார். விவரம் கேட்டார். ரொம்ப தீவிரமாக யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கரண்டி என்று விரலைக் காட்டினார். அம்மா இரண்டு விரலைக் காட்டினாள். டாக்டர் ஒன்று. அம்மா ஒன்றரை. காய்கறிக்காரனிடம் தோற்காதவள் டாக்டரிடம் மட்டும் தோற்பாளா? ஒன்றரையில் முடிந்தது.

டாக்டரும் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய்க்குத் தானே எண்ணெய் ஊற்றிக்கொண்டார். சிஸ்டர் ஏலியம்மா சாப்பிட்டார். பிம்லா தீதிக்கு எண்ணெய் கூடவே கூடாது. அவளுக்குக் கருப்பட்டிக் களி மட்டும். "இது அல்வா இல்லையே" என்று முதலில் முகம் சுளித்தவள், தட்டை வழித்துவிட்டு, அவள் மருமகளுக்குச் செய்முறை வேண்டும் என்றாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது தில்லியில் குளிர் இறங்கியிருந்தது. தேர்வுப் போட்டி முடிந்துபோயிருந்தது. அடுத்த வருஷம் அந்தப் பெரிய விளையாட்டு நடந்தபோது நானும் அப்பாவும் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்து பார்த்தோம். கோச் சாப் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈட்டிக்காரி எறிந்தாள். பதக்கம் வரவில்லை. என்னையறியாமல் எழுந்து நின்று கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்கும். என் குரல் கேட்காமல் போக வழியில்லை.

குரல் மட்டும் திரும்பவே இல்லை. டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார், அது திரும்பாது என்று. இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் வைத்துக்கொள்வதில்லை. போன மாதம் ஒரு பெண்ணின் தாய் என்னிடம் வந்து, பிள்ளை நன்றாக ஓட ஏதாவது பவர் மாத்திரை உண்டாமே, எங்கே கிடைக்கும் என்று ரகசியமாகக் கேட்டார். அவரை உட்கார வைத்து இத்தனையையும் சொன்னேன். சொன்ன பிறகுதான் எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, டாக்டர் இனி எறியலாம் என்று சொன்ன பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மைதானம். பனி விலகி இளவெயில் வந்திருந்தது. அதுவரை நான் எறிவதை ஒருமுறைகூட வந்து பார்க்காத அப்பா, காதை மறைத்து மஃப்ளர் கட்டிக்கொண்டு, அளவு நாடாவோடு கூட வந்தார். முன்பெல்லாம் எவ்வளவு தூரம் விழும் என்று கேட்டார். காட்டினேன். அவ்வளவு தூரம் நடந்துபோய், அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ம், போடு" என்றார்.

எறிந்தேன். குண்டு அவருக்கு ரொம்ப முன்னாலேயே தொம்மென்று விழுந்தது. எனக்கு முகம் தொங்கிவிட்டது. அப்பா எழுந்தார். அவசரமில்லாமல் என்னைப் பார்த்து நடந்து வந்தார். குண்டு விழுந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கால் செருப்பைக் கழற்றி அங்கே அடையாளம் வைத்தார். பிறகு ஒற்றைச் செருப்போடு ஓர் அடி பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"சரிட்டி," என்றார். "இனி இங்கன இருந்து பாப்போம். அடுத்ததைப் போடு."

நான் குண்டை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குப் போனேன்.